ரோலர்னா பயப்படற பொருள் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீட்டுக்குள்ளயே சைக்கிள் ஓட்டறத பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்துச்சுங்க. ஜிம்முல இருக்கற சைக்கிள், பின் சக்கரத்த இறுக்கி புடிச்சுக்கற ட்ரெய்னர், ஸ்கிரீன் வெச்ச மெஷின் எல்லாத்தையும் விவரமா எழுதிட்டு, கடைசில ரோலருக்கு, அதான் சைக்கிள கட்டாம மூணு உருளை மேல வெச்சு ஓட்டறதுக்கு, மட்டும் மூணே வரி குடுத்து, அது போட்டிக்கு போறவங்களுக்கு மட்டும்தான், மத்தவங்க ஏறுனா வேகத்துல நழுவி செவுத்துல போய் மோதிக்குவாங்கன்னு முடிச்சிருந்தீங்க. அத படிச்சதுல இருந்து மனசு ஆறலீங்க. ஏன்னா ஒரு வருஷமா எங்கூட்டு நடைல நாங்க மூணு பேரு ரோலர் ஓட்டறோம், அதுல ஒருத்தன் நானு, 52 வயசு, அதுக்கு முன்னாடி இருவது வருஷமா சைக்கிள தொட்டதே இல்ல. உங்க கட்டுரைய படிச்சுட்டு எத்தன பேரு இந்த பக்கமே வராம போயிருப்பாங்கன்னு நெனச்சா வருத்தமா இருக்குது, அதனாலதான் இத எழுதறேன். நாங்க செஞ்சதையும் பாத்ததையும் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் கோயமுத்தூரு கணபதில சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கறேனுங்க. பம்ப் ஷாஃப்ட்டு, மோட்டார் எண்ட் கவர்னு முப்பது வருஷமா கடைசல் வேலைதான். எம்பொண்ணு ப்ளஸ் டூ படிக்கறா, எட்டாவதுல இருந்து சைக்கிள் ரேஸ் ஓட்டறா. போன வருஷம் அவ ட்ராக் போட்டிக்கு மாறுனா. ட்ராக் சைக்கிளுக்கு பிரேக்கும் கெடையாது ஃப்ரீவீலும் கெடையாது, சக்கரம் சுத்தறவரைக்கும் காலும் சுத்திட்டேதான் இருக்கோணும், அத தூக்கிட்டு சத்தி ரோட்டுக்கு போக முடியுங்களா. அவகிட்ட இருக்கற ரோடு சைக்கிள்ல காலைல அஞ்சு மணிக்கு அவ முன்னாடி போக நான் பின்னால வண்டில போவேன். ஆடி மாசம் ஆனா பாலக்காட்டு கணவாய் காத்து ஆளையே அக்கட்ட தள்ளும், கூடவே தூறல், பஸ்ஸு லாரி பக்கத்துல வந்தா எனக்கு அடிவயிறு கலங்கும். அப்பதான் அவ கோச் சார் சொன்னாரு, வீட்டுல ரோலர் போட்டுக்கங்க, ட்ராக் ஓட்டறவங்களுக்கு அதவிட நல்ல பயிற்சி இல்ல, போட்டிக்கு முன்னாடி உடம்ப சூடு பண்றதே ரோலர் மேலதான்னு. விலை கேட்டா எங்களுக்கு கட்டுப்படியாகல. ஆனா படத்த பாத்த உடனே எனக்கு தோணுச்சு, இதுல என்ன இருக்குது, மூணு உருளை, ஆறு பேரிங்கு, ஒரு பெல்ட்டு, இத நாம கடைய மாட்டமான்னு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், ரோலர்னா தரையில கெடக்கற ஒரு ஏணி மாதிரி ஃப்ரேம், அதுல குறுக்கால மூணு டிரம்மு. பின்னாடி ரெண்டு டிரம்மு பக்கம் பக்கமா இருக்கும், பின் சக்கரம் அதுக்கு நடுவுல உக்காந்துக்கும். முன்னாடி ஒரே டிரம்மு, அது மேல முன் சக்கரம். பின் டிரம்முல ஒன்னுல இருந்து முன் டிரம்முக்கு ஒரு பெல்ட் ஓடும். அவ்வளவுதான். சைக்கிள எதுவும் புடிச்சுக்காது, கட்டாது, மாட்டாது. நாம மிதிக்க மிதிக்க டிரம்மு பின்னாடி ஓடும், சைக்கிள் நின்ன எடத்துலயே நிக்கும், விழாம நிறுத்தறது நம்ம சோலி.

செஞ்ச கதைய கொஞ்சம் சொல்லோணும், ஏன்னா நம்ம ஊருல இத செய்யறதுக்கு ஆள் இல்லாத தெருவே இல்ல. 110 மில்லி பிவிசி பைப்பு, நாலு இன்ச்சும்பாங்களே அதுதான், கனமா பாத்து வாங்கி 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூணு துண்டு போட்டேன். பைப்பு கண்ணுக்கு வட்டமா தெரியும், வட்டம் சரியான்னு பாக்கற டயல் கேஜ் வெச்சு பாத்தா கோழிமுட்டையாட்ட இருக்கும். ரெண்டு பக்கமும் நைலான்ல அடைப்பு கடைஞ்சு, அதுல 6202 பேரிங் உக்கார வெச்சு, 15 மில்லி பிரைட் ராடுல கோத்து, அப்பறம் சென்டர்ல புடிச்சு மேல லேசா ஒரு சீவு சீவுனேன். இந்த சீவு நெம்ப முக்கியமுங்க. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுனா அந்த டிரம்மு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 1,450 சுத்து சுத்துது, கணக்கு போட்டு பாத்துட்டு நானே அசந்து போயிட்டேன், நம்மூரு 4 போல் கரண்டு மோட்டாரு நிமிஷத்துக்கு சுத்தற 1,440க்கு பக்கத்துல வந்துருது பாருங்க. அந்த வேகத்துல வட்டம் கொஞ்சோண்டு தப்பா இருந்தாலும் சைக்கிள் பூரா அதிரும், ஓட்டறவங்களுக்கு பல்லே ஆடும். ரோலர் கத்துக்க வராம போனவங்க பாதிப் பேருக்கு டிரம்மு சரியில்லாம இருந்திருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம்.

பெல்ட்டு பாலியூரித்தேன் ரவுண்டு பெல்ட், 6 மில்லி, ரெண்டு முனையையும் சூடு பண்ணி ஒட்ட வெச்சது, டிரம்முல அதுக்கு ஒரு பள்ளம் கடைஞ்சுட்டா கழண்டு வராது. ஃப்ரேமுக்கு ஒன்றரை இன்ச் ஸ்கொயர் ட்யூபு. முன் டிரம்மு மட்டும் தள்ளி தள்ளி வெக்கற மாதிரி ஓட்டை போட்டுக்கோணும், ஏன்னா ஒவ்வொரு சைக்கிளுக்கும் ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல தூரம் வேற. முன் சக்கர அச்சுக்கு நேர் கீழயோ, இல்லீன்னா ஒரு விரல் அளவு முன்னாடியோ டிரம்மு இருந்தா சரி. டிரம்மு பின்னாடி போயிட்டா சக்கரம் முன்னால ஏறி எறங்க பாக்கும். எல்லாம் சேத்து சாமானுக்கு நாலாயிரத்து சொச்சம் ஆச்சு, கூலி நம்முளுது.

எம்பொண்ணு மூணாவது நாளே பிடிமானத்த விட்டுட்டா, அவ கதைய விடுங்க, அவ சைக்கிள் மேலயே வளந்த புள்ள. நான் கத்துக்கிட்டதுதான் சொல்ல வேண்டியது.

எங்கூட்டுல ஆசாரத்துல, அதான் முன் ஹால்ல, இருந்து சமையக்கட்டுக்கு போற நடை குறுகலா இருக்கும். அங்க வாசல் நிலைக்குள்ள ரோலர வெச்சோம், ஹேண்டில் பாரு நிலைக்கு நேரா வர்ற மாதிரி. இது கோச் சார் சொன்ன யோசனை. அப்படி வெச்சா ரெண்டு பக்கமும் நிலை இருக்குது, எந்த பக்கம் சாஞ்சாலும் தோளோ முழங்கையோ மரத்துல பட்டு நின்னுக்கும், கீழ விழ எடமே கெடையாது. ஏறி எறங்க பக்கத்துல ஒரு முக்காலி. டயர்ல காத்து ரோட்டுக்கு அடிக்கற அளவு முழுசா. பட்டன் வெச்ச முரட்டு டயர் ஆகாது, சத்தம் ஊரையே எழுப்பிரும்.

மொத நாளு கைய எடுக்கவே இல்லீங்க. எடது கை நிலைல, வலது கை ஹேண்டில்ல, நடு கியர்ல கம்முனு பத்து நிமிஷம் மிதிச்சேன், அவ்வளவுதான். நெம்ப லேசான கியர் போட்டா கால் மட்டும் பறக்கும், சக்கரம் ஓடாது, ஆட்டம் ஜாஸ்தியாகும். மெதுவா போனா பாதுகாப்புன்னு நெனைக்கறதுதான் இதுல மொத தப்பு, 10 கிலோமீட்டர்ல நிக்கவே நிக்காது, 20க்கு மேல போனாத்தான் சைக்கிளு தன்னால நேராகும். ரெண்டாம் நாளு உள்ளங்கைய எடுத்துட்டு அஞ்சு விரல் நுனிய மட்டும் நிலைல வெச்சு ஓட்டுனேன், அப்பறம் ரெண்டு விரலு. எம்பொண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டு ‘அப்பா கீழ பாக்காதீங்க, முன் சக்கரத்த பாக்காதீங்க’ன்னு சொல்லிட்டே இருந்தா. பாக்காம எப்படி அம்மிணி, அந்த டிரம்மு இத்துனூண்டு அகலம்தான் இருக்குதுன்னு கேட்டேன். அவ போய் எதுத்தாப்புல செவுத்துல, ஒரு பத்தடி தள்ளி, தினசரி காலண்டர கொண்டாந்து மாட்டுனா. அந்த தேதிய பாத்துட்டே ஓட்டுங்க, ராசிபலன் எழுத்து தெரியுதான்னு பாருங்கன்னா. அத பாக்க ஆரம்பிச்ச உடனே ஆட்டம் பாதியா கொறஞ்சு போச்சு. இத நான் எவ்வளவு எழுதினாலும் நம்ப மாட்டீங்க, ஓட்டி பாத்தாத்தான் தெரியும். சக்கரத்த பாத்தா அது ஒரு இன்ச் நகர்ந்ததும் கை பதறி ரெண்டு இன்ச் திருப்பும், மறுபடி இந்தப்பக்கம் மூணு இன்ச்சு, அப்படியே ஆட்டம் பெருகிட்டே போகும். தூரத்துல பாத்தா சக்கரம் ஒரு இன்ச் நகரும், தன்னால திரும்பி வரும், நம்முளுக்கு தெரியவே தெரியாது. ரோட்டுலயும் நாம எல்லாரும் அப்படி ஒரு சாண் இங்குட்டும் அங்குட்டும் போய்ட்டுதான் இருக்கறோம், ரோடு அகலமா இருக்கறதனால தெரியறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அஞ்சாம் நாளு சாயங்காலம் ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்துச்சுங்க. எப்ப எடுத்தேன்னு எனக்கே தெரியல. முழுசா ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் இருக்குதே, வீட்டுக்குள்ள நின்ன எடத்துலயே, காத்து இல்ல, மரம் பின்னால ஓடல, ஆனா உடம்புக்கு தெரியுது நாம ஓட்டறோம்னு. சின்ன வயசுல வாடகை சைக்கிள்ல மொத தடவ பின்னால புடிச்சிருந்தவரு கைய விட்டது எப்படி இருந்துச்சோ அதே மாதிரி. எம்பொண்ணு கை தட்டுனா, நான் திரும்பி பாக்கல, பாத்தா விழுந்துருவேன்னு.

சரி, விழறதுக்கு வர்றேன், உங்க கட்டுரைல சொன்னது அதுதானுங்க. அடுத்த வாரம் நான் விழவும் செஞ்சேன். சமையக்கட்டுல இருந்து கூப்பிட்ட சத்தத்துக்கு தலைய திருப்புனேன், முன் சக்கரம் வலப்பக்கம் டிரம்ம விட்டு எறங்கிருச்சு. என்ன ஆச்சு தெரியுங்களா? டயரு ஃப்ரேம்ல உரசி கீச்சுன்னு ஒரு சத்தம், சக்கரம் நின்னுருச்சு, என்னோட தோளு நிலைல சாஞ்சுது, கால் முக்காலிய தொட்டுச்சு. அவ்வளவுதான். சைக்கிளு ஒரு அடி கூட முன்னால போகல. ஏன் போகலன்னு அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். ஆளும் சைக்கிளும் சேந்து 80 கிலோன்னு வெச்சுக்கங்க. ரோட்டுல 30ல போனா அந்த 80 கிலோவும் 30ல ஓடுது, விழுந்தா அத்தனையும் சேந்துதான் அடிக்கும். ரோலர்ல 80 கிலோவும் நின்ன எடத்துலதான் இருக்குது, ஓடறது ரிம்மும் டயரும் மட்டும், ஒரு சக்கரத்துக்கு ஒரு கிலோ வெச்சா ரெண்டு கிலோ. ரோட்டுல இருக்கற சக்தில நாப்பதுல ஒரு பங்குங்க. அந்த சக்தி பூராவும் ஒரு சொட்டு வீணாகாம நம்மள முன்னால தள்ளுச்சுன்னே வெச்சாலும் மணிக்கு 5 கிலோமீட்டர் கூட வராது, நடந்து போற வேகம். டிரம்மோட சக்தி டிரம்மோடயே நின்னுக்கும். செவுத்துல பறந்து போய் மோதறதெல்லாம் நடக்காதுங்க.

பக்கவாட்டுல சாயறது மட்டும் நெசம். வெட்டவெளில நடு ஹால்ல வெச்சுட்டு ஏறுனா சாய எடம் இல்லாம விழத்தான் செய்வாங்க, கண்ணாடி டேபிள் பக்கத்துல இருந்தா அடியும் படும். கத்துக்கற வரைக்கும் நிலைக்குள்ளயோ நடைலயோ வெச்சுக்கங்க, தலைல ஹெல்மெட் போட்டுக்கங்க. நெசமான ஆபத்து வேற ஒன்னு இருக்குது, அத உங்க கட்டுரை சொல்லவே இல்ல, லேத்துக்காரன்கறதனால எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அதுதான். சுத்தற டிரம்மு, ஓடற பெல்ட்டு, இதுங்க கிட்ட தொங்கற துணி வரக்கூடாது. லுங்கி, வேட்டி, துப்பட்டா எதுவும் ஆகாது. சின்ன கொழந்தைங்க வெரல விட்டுருவாங்க, பெல்ட்டும் டிரம்மும் சேர்ற எடத்துல வெரலு சிக்குனா பெரிய காயம் ஆயிரும். எங்கூட்டுக்கு அக்கா பேரன் வந்தா நான் ரோலர தூக்கி செவுத்துல சாச்சு பெல்ட்ட கழட்டி பூட்டி வெச்சுருவேன். இத எழுதி எச்சரிச்சிருந்தீங்கன்னா நான் உங்களுக்கு கைகூப்பி நன்றி சொல்லியிருப்பேன்.

இன்னொன்னும் திருத்தோணுங்க. சக்கரம் வேகமா சுத்தறதனாலதான் சைக்கிள் நிக்குது, பம்பரம் மாதிரின்னு போட்டிருந்தீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். பம்பர விசை கொஞ்சம் ஒத்தாசை பண்ணும், ஆனா அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. நெதர்லாந்துல டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகமும் சேந்து ஒரு சைக்கிள் செஞ்சாங்க, 2011ல அது சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு, சக்கரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தற இன்னொரு சக்கரத்த வெச்சு பம்பர விசைய சுத்தமா அடிச்சுட்டாங்க, அப்பவும் அந்த சைக்கிளு ஆள் இல்லாம தன்னால நேரா போச்சு. உள்ளங்கைல வெளக்கமாத்து குச்சிய நிக்க வெக்கறோமில்ல, அது எந்த பக்கம் சாயுதோ கைய அந்த பக்கம் கொண்டு போறோமில்ல, சைக்கிள்ல ஆள் பண்றது அதுதான். சாயற பக்கம் ஹேண்டில் திரும்புது, சக்கரம் நமக்கு கீழ வந்து தாங்கிக்குது. ரோலர்லயும் அதே வேலைதான், ரோட்டுக்கும் ரோலருக்கும் இதுல வேத்துமையே இல்ல.

எப்படி இவ்வளவு உறுதியா சொல்றேன்னா ஒரு நாளு எம்பொண்ணு ஓட்டிட்டு இருக்கும்போது பெல்ட் ஒட்டு விட்டுப் போச்சு. பின் சக்கரம் அதே வேகத்துல சுத்திட்டு இருக்குது, பம்பரம் மாதிரி. முன் சக்கரம் மட்டும் ரெண்டு செகண்டுல நின்னுருச்சு. அந்த நிமிஷமே அவளால நிறுத்த முடியல, நிலைய புடிச்சுட்டா. நாலு வருஷமா ரேஸ் ஓட்டற புள்ளைக்கே முடியல. ஏன்னா நிக்கற சக்கரத்த எவ்வளவு திருப்புனாலும் அது பக்கத்துல நகராது, சாயறவங்களுக்கு கீழ வந்து தாங்க முடியாது. அந்த ஆறு மில்லி பெல்ட்டு எதுக்கு இருக்குதுன்னு எங்களுக்கு அன்னைக்குத்தான் முழுசா வெளங்குச்சு.

ட்ரெய்னர் மேல எனக்கு கோவம் இல்லீங்க. மேடு ஏற பயிற்சி வேணும், கால்ல பலம் ஏத்தோணும்னா ட்ரெய்னர்தான் சரி, ரோலர்ல அந்த அளவு இறுக்கம் வராது, காத்தோட எதிர்ப்பும் இல்ல, அதனால மீட்டர்ல 35 காட்டுனா ரோட்டுலயும் 35 போவோம்னு நெனச்சுக்கக் கூடாது. ஆனா ட்ரெய்னர்ல சைக்கிள இறுக்கி கட்டிருவாங்க, எப்படி மிதிச்சாலும் அது நிக்கும், தூங்கிட்டே கூட மிதிக்கலாம். ரோலரு அப்படி விடாது. மிதிக்கறது ஒரு சீரா இல்லீன்னா உடனே காதுல கேக்கும். சதுர ராடு கடையும்போது டூல் டொக் டொக்குன்னு இடிக்குமே, வட்டத்துக்கு வந்ததும் ஒரே சீரா இரையுமே, அதே மாதிரி. மொத மாசம் என்னோட மிதி சதுர ராடு, ஒவ்வொரு மிதிக்கும் உய்ங் உய்ங்குன்னு சத்தம் ஏறி எறங்கும். ரோட்டுல நம்ம ஒடம்பு எடையே ஒரு ஃப்ளைவீல் மாதிரி, அதான் சுத்த ஆரம்பிச்சா சட்டுனு நிக்காத கனமான சக்கரம் மாதிரி, ஓடறதனால அந்த ஏத்த எறக்கம் தெரியாது, இங்க அந்த ஃப்ளைவீல் இல்ல, மிதிக்கறத நிறுத்துனா கொஞ்ச நேரத்துல சக்கரமும் நின்னுரும், அதனால நிறுத்தறதுக்கு முன்னாடியே கை நிலைய புடிச்சுக்கோணும். இப்ப எம்பொண்ணு ஓட்டறப்ப பக்கத்து ரூம்ல இருந்து கேட்டா ஒரே நூல் புடிச்சாப்புல ஊம்னு ஒரு சத்தம்தான். அவ போட்டில நேர் கோட்டுல போறா, முன்னால போற சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னாடி பதறாம நிக்கறா, கோச் சார் அத ரோலரோட வேலைன்னுதான் சொல்றாரு.

பெல்ஜியத்து சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25ந் தேதி மெக்சிகோ சிட்டில ஒரு மணி நேரத்துல 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை பண்ணுனாரு. அந்த ஊரு கடல் மட்டத்துக்கு மேல நெம்ப ஒசரம், காத்துல ஆக்சிஜன் கம்மி. அதுக்கு பழகறதுக்கு அவரு தன் வீட்டுல ரோலர் மேல ஏறி, ஆக்சிஜன் கொறச்ச காத்த முகமூடி வழியா இழுத்துக்கிட்டே மிதிச்சாரு. உலக சாதனைக்கும் இதே மூணு டிரம்முதான்.

ஆனா இதுக்கெல்லாம் பெரிய சைக்கிள் வேணும்னு நெனச்சுக்காதீங்க, நான் முக்கியமா சொல்ல வந்ததே இதுதான். எம்பொண்ணுக்கு ப்ளஸ் ஒன்ல ஸ்கூல்ல அரசாங்கம் குடுத்த விலையில்லா சைக்கிள் சும்மா நின்னுட்டு இருந்துச்சு. எங்கூட்டுக்காரி ஒரு நாளு கேட்டா, ஏங்க அதுல ஏறுனா ஓடாதான்னு. அவ கல்யாணத்துக்கு முன்ன தினமும் மில்லுக்கு சைக்கிள்ல ஷிஃப்ட்டுக்கு போய்ட்டு வந்தவ, அப்பறம் எங்க, எங்களுக்கு சோறாக்கவே நேரம் சரியா போச்சு. முன் டிரம்ம ரெண்டு ஓட்டை முன்னால தள்ளி வெச்சேன், சைக்கிளு நீளம் ஜாஸ்தி. சுடிதார் போட்டுக்கிட்டு, துப்பட்டாவ எடுத்து ஆணில மாட்டிட்டு ஏறுனா. கியர் கெடையாது, ஆனா நிமிஷத்துக்கு 65, 70 மிதி போட்டாலே 20 கிலோமீட்டர் வந்துருது. ஸ்டாண்டு மட்டும் கடகடன்னுது, ஒரு ரப்பர போட்டு கட்டுனேன். எனக்கு அஞ்சு நாள் ஆச்சுன்னு சொன்னனே, அவளுக்கு ரெண்டே நாளு. ஹேண்டில அவ இறுக்கி புடிக்கவே இல்ல, மில்லுக்கு போறப்ப டிபன் கேரியர மாட்டிக்கிட்டு போன அதே கை, பூ மேல வெச்ச மாதிரி இருந்துச்சு. எறங்கிட்டு, இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுங்க நான் சைக்கிள் ஓட்டின்னு சொல்லிட்டு கண்ண தொடச்சுக்கிட்டா. அவளுக்கு சக்கரை இருக்குது, டாக்டர் தினமும் நடக்க சொன்னாரு, எங்க தெருவுல நாய்த்தொல்லை, காலைல சமையல், சாயங்காலம் இருட்டு. இப்ப தினமும் இருவது நிமிஷம், ஃபேனுக்கு நேரா. ஃபேன் கட்டாயம் வேணுங்க, ரோட்டுல காத்து அடிக்கும், இங்க அடிக்காது, பத்து நிமிஷத்துல வேர்வை கொட்டிரும். ஹேண்டில் மேல ஒரு துண்டு போட்டுக்கங்க, வேர்வை உப்பு ஸ்க்ரூவ எல்லாம் துரு புடிக்க வெச்சுரும்.

ஐயா, உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு. ஒன்னு, அந்த மூணு வரிய திருத்தி ரோலர பத்தி ஒரு தடவ முழுசா எழுதுங்க, ஆளனுப்புனா எங்கூட்டு நடைலயே ஏறி பாக்கட்டும், நானே பக்கத்துல நிக்கறேன். ரெண்டாவது, ஐடிஐல டர்னர் படிக்கற பசங்க வருஷம் பூரா பயிற்சிக்குன்னு இரும்ப கடைஞ்சு கடைஞ்சு கடைசில ஸ்கிராப்புல போடறாங்க. அதே பசங்க ஸ்டெப் டர்னிங், போரிங், பேரிங் உக்கார வெக்கறது, பள்ளம் கடையறது எல்லாத்தையும் இந்த ஒரு ஜாப்லயே கத்துக்கலாம். வருஷத்துக்கு பத்து செட்டு செஞ்சு பக்கத்துல இருக்கற அரசு பள்ளிக்கூடத்துக்கு குடுத்தா மழை நாள்லயும் புள்ளைங்க சைக்கிள் பயிற்சி எடுப்பாங்க. கெவருமெண்டு சைக்கிளே போதும்னு நாங்க ஓட்டி பாத்துட்டுதான் சொல்றோம். அதிகாரிங்க யாராவது நம்ம பேப்பர படிப்பாங்க, அதனாலதான் உங்களுக்கு எழுதறேன்.

டிராயிங் போட்டு இந்த லெட்டரோடயே வெச்சிருக்கறேன், காசு எதுவும் வேண்டாம், அப்படியே அச்சு போடுங்க. பின்னாடி ரெண்டு டிரம்முக்கும் நடுவுல 25 சென்டிமீட்டர், முன் டிரம்முக்கு ஒரு இன்ச் இடைவெளில ஏழு ஓட்டை குறிச்சிருக்கறேன். சின்ன புள்ளைங்க சைக்கிளுக்கு பின்பக்கமா இன்னும் நாலு ஓட்டை சேத்துக்கோணும், அத பென்சில்ல போட்டிருக்கறேன், அச்சுல விட்டுப் போகாம பாத்துக்கங்க.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.